ஈசானிய மூலையில் கரியும் உப்பும்

என் பட்டறையில் ஜின் என்கிற துஷ்ட ஆவி புகுந்துவிட்டது என்று, என் தையல்காரிகள் குடியிருக்கிற ராயப்பேட்டையில் பாதிப் பேர் பேசிக்கொண்டிருந்தார்கள். ஜின்னுக்கு வேறு போக்கிடமே இல்லையா, தி. நகர் சந்தில் ஜாக்கெட் தைக்கிற இடத்தில் வந்து உட்கார்ந்து கொக்கி வைத்துத் தருமா என்று நான் கேட்டேன். மறுநாள் ஆறு பெண்களில் மூன்று பேர் வேலைக்கு வரவில்லை. அதற்கு மறுநாள் மிச்சம் மூன்று பேரும் வரவில்லை.

என் பெயர் நஸ்ருன்னிசா. பதினோரு வருடமாக அந்தப் பட்டறையை நடத்துகிறேன். பெண்கள் என்னை ஆபா என்பார்கள், அக்கா என்று அர்த்தம். முதுகுக்குப் பின்னால் என்ன சொல்வார்கள் என்று நான் விசாரித்ததில்லை. இடம் ஜவஹர் அண்ணாச்சியுடையது. முன்னால் வடக்குப் பார்த்து அவருடைய மூன்று மாடிச் சேலைக்கடை. நடுவில் ஒரு முற்றம், அதில் ஒரு தண்ணீர்க் குழாய். பின்னால் தகரக்கூரை போட்ட என் பட்டறை. கட்டடம் இரண்டு, கரண்ட் ஒன்று. மீட்டர் கடைக்குள் இருக்கிறது. அங்கிருந்து ஒரு கேபிள் முற்றத்தைத் தாண்டி எனக்கு வரும். அவர் கடையில் சேலை எடுக்கிறவர்கள் அப்படியே பின்னால் வந்து ஜாக்கெட்டுக்கு அளவு கொடுத்துவிட்டுப் போவார்கள். அந்த இடத்தை விட்டு நகர்ந்தால் எனக்கு ஒரு ஜாக்கெட் வராது. இது எனக்கும் தெரியும், அண்ணாச்சிக்கும் தெரியும்.

வைகாசி மாதம்தான் அது ஆரம்பித்தது. மெஷினைத் தொட்டால் சுருக்கென்று இருக்கும். ஊசி குத்தியதாக்கும் என்று விட்டுவிட்டோம். தையல்காரிக்கு ஊசிக்குத்து ஒரு விஷயமா? ஆடி பிறந்ததும் சுருக் என்பது வெடுக் ஆனது. அண்ணாச்சியிடம் சொன்னேன். பார்ப்போம் என்றார். அவர் பார்ப்போம் என்றால் பார்க்கமாட்டோம் என்று அர்த்தம், பதினோரு வருடத்தில் அதைக் கற்றுக்கொண்டிருக்கிறேன்.

ஆடி இரண்டாவது வெள்ளிக்கிழமை. மதியம் தொழுகை நேரத்துக்கு நான் பட்டறை மெயின் சுவிட்சை இறக்கிவிடுவேன். பக்தி ஒரு பக்கம் இருக்கட்டும். மெயின் ஓடினால் இவர்கள் ஃபேனைப் போட்டுக்கொண்டு ஊர்க்கதை பேசிக் கால் நீட்டிவிடுவார்கள் என்பதுதான் காரணம். அன்றைக்கும் இறக்கினேன். என் கையால் இறக்கினேன், இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. ரூபீனா முற்றத்துக் குழாயில் கைகால் கழுவிக்கொண்டு ஈரக் காலோடு உள்ளே வந்தாள். மெஷின்மேல் கிடந்த துப்பட்டாவை எடுக்கக் கையை வைத்தாள். சத்தம்கூடப் போடவில்லை. இரண்டடி தள்ளிச் சுவரில் போய் விழுந்தாள்.

ரூபீனா ஐந்து மாதக் கர்ப்பிணி. ஆட்டோவில் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரி போய்ச் சேருகிற வரைக்கும் எனக்கு உயிர் என் கையில் இல்லை. நல்லவேளை, குழந்தைக்கு ஒன்றுமில்லை என்றார்கள். கை மட்டும் நாலு நாள் மரத்திருந்தது. அவள் மாமியார் என்னை ஒரு பார்வை பார்த்தாள். என்ன சொல்வது? நானும் ஒரு பெண்ணைப் பெற்றவள்.

மெயினை இறக்கியும் ஷாக் அடித்தது என்ற செய்திதான் ஜின்னைக் கொண்டுவந்தது. கரண்டே இல்லாத மெஷின் ஆளைத் தூக்கி எறிந்தால் அது வேறு யார்? ரூபீனா வீட்டிலிருந்து ஒரு தாயத்தை அனுப்பி, அவள் மெஷினின் சக்கரத்தில் கட்டச் சொன்னார்கள். கட்டினேன். கட்டாவிட்டால் அதற்கொரு பேச்சு வரும். ரூபீனா வராத வரை நாங்களும் வரமாட்டோம் என்று மற்ற ஐந்து பேரும் சொல்லியனுப்பிவிட்டார்கள். அவள்தான் அவர்களில் தைரியசாலி. அவளே பயந்தால் மற்றவர்கள் எங்கே?

அண்ணாச்சி மட்டும் வந்தார். வாசலில் நின்றார். என் பட்டறைக்குள் செருப்போடு யாரும் வரக்கூடாது, கீழே பட்டுத்துணி விரித்திருக்கும். அவருக்கு அந்த ரப்பர் செருப்பைக் கழற்ற மனம் வராது. அதனால் பதினோரு வருடமாக அவர் வாசலைத் தாண்டியதில்லை. கடையில் ஆடித் தள்ளுபடிக் கூட்டம் அலைமோதிக்கொண்டிருந்தது, அவருக்கு நிற்க நேரமில்லை.

"கடையில நாப்பது பேரு வேலை பாக்காவ, ஒருத்தருக்கும் ஒண்ணும் அடிக்கல. ஒன் மெஷினுலதான் கோளாறு. நாளைக்கு ஒரு உசுரு போச்சுன்னா யாரு பதில் சொல்லுதது? ஆடி முடியுததுக்குள்ள காலி பண்ணிரும்மா. எனக்கும் குடோனுக்கு எடம் வேணும்."

நான் வாயைத் திறப்பதற்குள் போய்விட்டார். மறுநாளே ஓர் ஆள் டேப்போடு வந்து ரேக் அடிக்க என் சுவரை அளந்தான். நான் அங்கேயே நிற்கிறேன், என் தலைக்கு மேல் டேப்பை நீட்டுகிறான். என் வீட்டுக்காரர் இறந்தபோதுகூட நான் பட்டறையை ஒருநாள்தான் மூடினேன். இப்போது காலி மெஷின்கள் ஆறும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன. எனக்கு அழுகை வந்தது, அழுகையைவிடக் கோபம் அதிகமாக வந்தது. மெயினை இறக்கிய பிறகு வருகிற கரண்ட் என் கரண்டாக எப்படி இருக்கும்? இந்த ஒரு கேள்விக்குப் பதில் தெரியாமல் நான் அந்த இடத்தை விடுவதாக இல்லை.

கே.கே. நகரில் ஸ்வர்ணலதா என்று ஓர் எலக்ட்ரீஷியன் இருக்கிறாள். ஐ.டி.ஐ. படித்து லைசென்ஸ் வாங்கியவள், நாற்பத்தைந்து வயது, ஸ்கூட்டியில் முன்னால் ஏணியை நீட்டிக்கொண்டு வருவாள். பேசுவதற்குக் கூலி கேட்பாளோ என்று நினைக்கும்படி வாயை மூடிக்கொண்டிருப்பாள். வந்தாள். தடித்த ரப்பர் ஷூவோடு உள்ளே போக என்னிடம் கண்ணாலேயே அனுமதி கேட்டாள். துணியை எல்லாம் சுருட்டிவிட்டு, போ என்றேன்.

மெஷின்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஒன்றிலும் கோளாறு இல்லை. மெயினை இறக்கினாள். பிறகு மெஷினின் இரும்பில் டெஸ்டரை வைத்தாள். டெஸ்டரின் குட்டி விளக்கு எரிந்தது. தாயத்தைப் பார்த்தேன், வெட்கமாக இருந்தது. ஒரு நிமிடம், ஒரே ஒரு நிமிடம், நானும் ஜின்னை நம்பிவிட்டேன்.

ஸ்வர்ணலதா நம்பவில்லை. எர்த் குழி எங்கே என்று கேட்டாள்.

இருக்கிறதே, கடையின் முன்பக்க மூலையில் என்று சொல்லி அழைத்துப் போனேன். பட்டறை தொடங்கிய நாளிலிருந்து எனக்கு அந்தக் குழியைத் தெரியும். சிமெண்ட் மூடி போட்டிருக்கும். உள்ளே குழாயைப் புதைத்து, சுற்றிலும் கரியும் உப்பும் கொட்டியிருப்பார்கள். வெயில் காலத்தில் மண் காய்ந்துவிடக்கூடாது என்று வாட்ச்மேன் தினமும் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுவார். அங்கிருந்து புறப்படுகிற பச்சை வயர்தான் கடையின் ஏ.சி., விளக்குகளின் இரும்பு உடம்பையெல்லாம் கட்டிக்கொண்டு, முற்றத்தைத் தாண்டி, என் மெஷின்கள் வரைக்கும் வந்திருந்தது. எங்காவது கரண்ட் ஒழுகினால் அந்த வயர் வழியாகப் போய் மண்ணில் இறங்கிவிட வேண்டும், அதற்குத்தான் குழி.

மூலையில் குழியைக் காணோம். பளபளவென்று பித்தளை உருளி. அதில் தண்ணீர். தண்ணீரில் சாமந்தியும் ரோஜாவும் மிதந்தன. பக்கத்துச் சுவரில் பச்சை வயரின் நுனி, எங்கும் போகாமல், அழகாக டேப் சுற்றி வைக்கப்பட்டிருந்தது.

வாட்ச்மேன்தான் விவரம் சொன்னார். வைகாசியில் வியாபாரம் மந்தம். அண்ணாச்சி ஒரு வாஸ்துக்காரரை வரவழைத்தார். பாலவாக்கத்துக் கடற்கரை பங்களாக்களுக்கெல்லாம் திசை பார்க்கிற பெரிய ஆளாம். அவர் வந்து திசைமானியை வைத்துப் பார்த்துவிட்டுத் திடுக்கிட்டாராம். வடகிழக்கு ஈசானிய மூலை, சாமி மூலை. அங்கே போய்க் கரியையும் துருப்பிடித்த இரும்பையும் புதைத்து வைத்தால் லட்சுமி எப்படி வருவாள் என்று கேட்டாராம். குழியைத் தோண்டி எடுத்து, பாலூற்றி, உருளியை வைத்துவிட்டார்கள். ஒருவருக்கும் அது என்ன குழி என்று கேட்கத் தோன்றவில்லை.

ஸ்வர்ணலதா கீழே உட்கார்ந்துவிட்டாள். சிரிக்கிறாளா, தலையில் அடித்துக்கொள்கிறாளா என்று எனக்குப் புரியவில்லை. இரண்டும்தான்.

"ஆபா, உன் மெஷின்ல ஒண்ணும் இல்ல. கடையில ஏதோ ஒண்ணு கரண்டை ஒழுகவிட்டுக்கினு கீது. மண்ணுக்குப் போவ வழி இல்ல, அதான் பச்சை வயரைப் புடிச்சிக்கினு உன்னாண்ட வர்து. நீ மெயினை இறக்கினாலும் பச்சை வயரு இறங்காது. அங்க இருக்கறவங்கள்லாம் மெத்தை மேல நிக்கறாங்க, அவங்களுக்கு அடிக்காது. உன் பொண்ணுங்க வெறுங்காலோட சிமெண்டுத் தரையில கீதுங்க. மண்ணுக்குப் போற வழி அதுங்கதான்."

சேலைக்கடையில் வெள்ளைத்துணி போட்ட மெத்தைமேல்தான் எல்லோரும் நிற்பார்கள், அது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவர்களுடைய கரண்ட் என் ரூபீனாவின் உடம்பு வழியாக மண்ணுக்குப் போயிருக்கிறது. எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. நேராகக் கல்லாவுக்குப் போய் எல்லோர் முன்னாலும் சொன்னேன். அண்ணாச்சி காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. ஆடி மாதம் ஈசானியத்தில் கடப்பாரை வைக்க முடியாது, வேண்டுமானால் ஆவணியில் பார்ப்போம் என்றார். வாஸ்துக்காரரை வைத்துக்கொண்டு பேசலாம், திங்கட்கிழமை வரச் சொல்கிறேன் என்றும் சொன்னார்.

திங்கட்கிழமை வந்தார்கள். நான் ஸ்வர்ணலதாவையும் வரச் சொல்லியிருந்தேன். வாஸ்துக்காரர் சந்தன நிறச் சட்டை, கையில் திசைமானி. முற்றத்தில் நின்றுகொண்டே என் பட்டறையில் தோஷம் இருப்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. நான் மெயினை இறக்கினேன். அண்ணாச்சியையே பார்க்கச் சொன்னேன். காலையில் தரையைக் கழுவிவிட்டிருந்தேன், வேண்டுமென்றே ஈரத்தைத் துடைக்கவில்லை. இதை மறைப்பானேன்.

"மெயினு ஆஃபு. மெஷின்லதான் கோளாறுன்னா இப்ப அடிக்கக்கூடாது இல்ல? செருப்பைக் கழட்டிட்டு வந்து தொடுங்க."

வாஸ்துக்காரரைப் பார்த்துத்தான் முதலில் சொன்னேன். அவர் திசைமானியை உற்றுப் பார்த்தார். இன்றைக்கு ராகுகாலம் முடியவில்லை என்றார். ராகுகாலம் முடிந்து ஒரு மணி நேரம் ஆகிறது என்று வாட்ச்மேன் சொன்னார். வாஸ்துக்காரர் காலில் இருந்த செருப்பு கழலவே இல்லை.

கழற்றியது அண்ணாச்சிதான். அதை நான் எதிர்பார்க்கவில்லை. முரட்டு மனிதர், அத்தனை பேர் முன்னால் பின்வாங்க அவருக்கு மானம் இடம் கொடுக்கவில்லை. பதினோரு வருடத்தில் முதல்முறையாக ரப்பர் செருப்பை வாசலில் விட்டுவிட்டு ஈரத்தரையில் வெறுங்காலை வைத்து உள்ளே வந்தார். ரூபீனாவின் மெஷினுக்கு நேராகப் போனார். அடிக்கட்டும் என்று நினைத்தேன். சத்தியமாக நினைத்தேன். இரண்டடி தள்ளிப் போய் அந்தச் சுவரில் விழட்டும், அப்போது தெரியும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். கை மெஷினுக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. அவருக்கு அறுபத்திரண்டு வயது, போன வருடம்தான் நெஞ்சில் ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். என்னால் முடியவில்லை. பாய்ந்து அவர் கையைத் தட்டிவிட்டேன். தட்டியது கொஞ்சம் பலமாகவே விழுந்தது, அதில் எனக்கு வருத்தமில்லை.

அவர் திகைத்துப்போனார். நீதானே தொடச் சொன்னாய் என்று கேட்டார்.

"ரூபீனா விழுந்ததை நான் பாத்தேன் அண்ணாச்சி. இன்னொரு தபா பாக்க எனக்குத் தெம்பு இல்ல."

ஸ்வர்ணலதா பையிலிருந்து ஒரு குண்டு பல்பை எடுத்தாள். அதிலிருந்து இரண்டு வயர். ஒன்றை மெஷினின் இரும்பில் மாட்டினாள். இன்னொன்றை முற்றத்து ஈரமண்ணில் அடித்து இறக்கியிருந்த ஒரு கம்பியில் வைத்தாள். மெயின் இறக்கிய பட்டறையில் பல்பு மஞ்சளாக எரிந்தது. பிறகு அவள் வாட்ச்மேனைக் கூப்பிட்டு, தான் வரும்போதே சந்தேகப்பட்டிருந்த, கடை முகப்பில் ஆடித் தள்ளுபடிக்காகப் புதிதாக மாட்டிய பெரிய விளக்கு போர்டின் சுவிட்சை மட்டும் அணைக்கச் சொன்னாள். அணைத்தார். பல்பும் அணைந்தது. திரும்பப் போடச் சொன்னாள். பல்பு எரிந்தது. மழையில் நனைந்த போர்டுக்குள் ஒரு வயர் சட்டத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான் விஷயம். வைகாசியில் சுருக்கென்றது சில்லறை ஒழுகல், ஆடியில் வெடுக்கென்றது இந்த போர்டு. அம்பது சதவீதத் தள்ளுபடி என்று எழுதிய போர்டு முழு கரண்டையும் எனக்குத் தள்ளிவிட்டிருக்கிறது.

அண்ணாச்சி அந்த பல்பையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தன் உள்ளங்கையைப் பார்த்தார். அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துகொண்டார்.

வாஸ்துக்காரர் சும்மா சொல்லக்கூடாது, கெட்டிக்காரர். போர்டைக் கழற்றி முடிப்பதற்குள் சாஸ்திரத்தை மாற்றிவிட்டார். மின்சாரம் என்பது அக்னி, அக்னிக்கு உரியது தென்கிழக்கு, முதலிலேயே குழியை அங்கே போட்டிருந்தால் தோஷமே வந்திருக்காது என்றார். தென்கிழக்கு மூலை என் பட்டறை வாசலை ஒட்டி இருந்தது. ஸ்வர்ணலதா எந்த மூலையானாலும் மண் ஈரமாக இருந்தால் போதும் என்றாள். ஒரு குழி போதாது, கட்டடத்துக்கு ஒன்றாக இரண்டு வேண்டும், இரண்டையும் தடித்த செம்புப் பட்டையால் ஒன்றாகக் கட்டவும் வேண்டும் என்றாள்.

அங்கேதான் அண்ணாச்சி மறுபடி முறைத்துக்கொண்டார். கட்டியிருந்ததால்தானே அங்கிருந்து இங்கே வந்தது, இனி அவள் எர்த் அவளுக்கு, என் எர்த் எனக்கு என்றார். பாகப்பிரிவினை மாதிரி பேசினார். ஸ்வர்ணலதா முற்றத்துக் குழாயைக் காட்டினாள்.

"கரண்டு ஒண்ணா வருது, குழாய் ஒண்ணு, மாடிக் கம்பி ஒண்ணு. எர்த்தை மட்டும் பிரிச்சா எப்டி அண்ணாச்சி? உங்க பக்கத்து இரும்பை ஒரு கையில, இவங்க மெஷினை ஒரு கையில புடிச்சா, நடுவுல கீற மனுஷன்தான் வயரு."

அவர் கொஞ்ச நேரம் தன் இரண்டு கைகளையும் அகலமாக நீட்டிப் பார்த்தார். பிறகு கட்டு என்றார். என் வாசலில் ஒன்று, கடை ஓரத்தில் ஒன்று என்று இரண்டு குழிகளையும் வெட்டி, கட்டி முடித்து, கரண்ட் ஒழுகினால் தானாகவே விழுந்துவிடுகிற ஒரு சுவிட்சையும் மாட்டினாள் ஸ்வர்ணலதா. சோதித்துக் காட்ட அந்தப் பழைய போர்டை ஒருமுறை இணைத்தாள். டப்பென்று கடை முழுக்க இருண்டது. மூன்று மாடியிலும் பெண்கள் சேலையைக் கையில் பிடித்தபடி கத்தினார்கள். எனக்கு அவ்வளவு நிம்மதியாக இருந்தது.

குழிக்குத் தினமும் தண்ணீர் ஊற்றவேண்டும் என்று அவள் சொன்னதும், அதை முதலாளி தன் கையாலேயே ஊற்றினால் விசேஷம் என்று வாஸ்துக்காரர் சேர்த்துக்கொண்டார். அந்த மனிதர் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான். அண்ணாச்சி தினமும் காலையில் குடத்தோடு வந்து, என் வாசலில் குனிந்து, பயபக்தியோடு ஊற்றிவிட்டுப் போவார். காலி பண்ணுவதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டுத்தான் ஆகவேண்டும் என்றால் நான் ஏன் இத்தனை பாடுபட்டேன்? ஆனால் ரூபீனா வரவில்லை. எர்த், போர்டு, பல்பு என்று நான் போனில் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டாள். இன்னொருவர் தொட்டதைப் பார்த்தால்தான் வருவேன் என்றாள். ஆபா தொட்டது கணக்கில் வராதாம், ஆபாவைக் கண்டால் ஜின்னுக்கே பயமாம்.

ஆடி கடைசி நாள் வந்தது. எனக்குக் கெடு வைத்த நாள். பட்டறையில் நானும் ஆறு மெஷின்களும்தான். அண்ணாச்சி குடத்தைக் கவிழ்த்துவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தார். பிள்ளைகள் எங்கே என்று கேட்டார். சொன்னேன். அவர் செருப்பைக் கழற்றினார். உள்ளே வந்து, மெயின் ஓடிக்கொண்டிருக்கும்போதே, தாயத்துத் தொங்கிய ரூபீனாவின் மெஷின்மேல் உள்ளங்கையை முழுசாக வைத்தார். பத்திரப்பதிவு ஆபீசில் கைநாட்டு வைக்கிறவர் மாதிரி விறைப்பாக நின்றார்.

"போட்டோ எடுத்து அந்தப் பிள்ளைக்கு அனுப்பும்மா. குடோனு நான் வேற எங்கயும் வச்சுக்கிடுதேன். நீ எங்கயும் போவாண்டாம்."

அவசரத்தில் முதல் போட்டோ அசைந்துவிட்டது. இரண்டாவது நன்றாக விழுந்தது. அனுப்பினேன். அவர் கையை எடுக்காமல் நின்றார். ஒரு நிமிடத்தில் ரூபீனாவே போன் செய்தாள். போனை இருவருக்கும் கேட்கும்படி வைத்தேன்.

"ஆபா, அண்ணாச்சி மூஞ்சி நல்லா தெரியுது. காலு தெரியல. செருப்பு போட்டுக்கினு நிக்கிறாரா இன்னா?"

நான் அண்ணாச்சியைப் பார்த்தேன். நகரத்தில் பாதிப் பேர் கைகட்டி நிற்கிற முதலாளி. மெஷினிலிருந்து ஒரு கையை எடுக்காமல், இன்னொரு கையால் வேட்டியை முழங்கால் வரை தூக்கிப் பிடித்துக்கொண்டார். சிமெண்டுத் தரையில் இரண்டு வெறுங்கால்களையும் ஒட்டி வைத்தார்.

"இப்ப எடும்மா," என்றார். "ரெண்டு காலும் விழுதான்னு பாத்து எடு."